தரை டிக்கெட்

எங்க நைனாவுக்கு கிரிக்கெட் தெரியாது. கேலரி கட்டத் தெரியும். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கிற வருஷங்களில், பதினைந்து இருபது நாள் முன்னாடியே ஒரு மேஸ்திரி வந்து எங்க தெருவில் ஆள் எடுப்பார். சவுக்குக் கட்டை, தாம்புக்கயிறு, பலகை. கட்டி முடித்ததும் கூலி ஆட்களையே மேலே ஏற்றி நின்று குதிக்கச் சொல்வார்களாம், ஆயிரம் பேர் உட்கார்ந்தால் தாங்குமா என்று பார்க்க. "அந்த கேலரில மொத மொதல்ல ஏறி நின்னவன் நான்தாண்டா" என்று குடித்துவிட்டு வந்தால் சொல்வார். ஆட்டம் தொடங்குகிற அன்றைக்கு அவர் வெளியே. ஆட்டம் முடிந்த மறுநாள் கட்டையைப் பிரிக்க மறுபடியும் உள்ளே.

நாங்கள் இருந்தது பக்கிங்காம் கால்வாய்க் கரையில். மைதானத்துக்கும் எங்கள் குடிசைக்கும் நடக்கிற தூரம்தான். மேட்ச் நடக்கும்போது உள்ளே கத்துகிற சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே விக்கெட்டா பவுண்டரியா என்று சொல்லிவிடுவோம். இந்தியா அவுட் ஆனால் ஒரு மாதிரி 'ப்ச்' என்று ஊரே மூச்சு விட்ட மாதிரி இருக்கும். டீக்கடை ரேடியோ அப்புறம்தான் சொல்லும்.

1980 ஜனவரியில் பாகிஸ்தான்காரர்கள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. தண்ணிக் குடம் தூக்குகிற வேலைக்கு ஒருத்தர் என்னை உள்ளே கூட்டிப் போனார். கவாஸ்கர் 166 அடித்த ஆட்டம் அது, கடைசியில் கபில்தேவ் ஏழு விக்கெட் எடுத்து முடித்தார். நான் பார்த்தது எத்தனை பந்து என்று கேட்டால் ஐம்பது இருக்கும். குனிந்து டம்ளரில் ஊற்றுகிற நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். நிமிர்ந்தால் ஆட்கள் எழுந்து நின்று மறைப்பார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் "தம்பி, தண்ணி" என்பார்கள். டிக்கெட் இல்லாமல் நான் பார்த்த ஆட்டம் அவ்வளவுதான். டிக்கெட் வாங்கி ஒரு ஆட்டமும் இன்றுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் எழுதினால் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். "சோத்துக்கே வழியில்ல, குடியிருக்க எடமில்ல, இதுல மேட்ச் டிக்கெட் ஒரு பிரச்சினையா?" இயக்கத்தில் தீவிரமாக இருந்த நாட்களில் நானே இப்படிக் கேட்டிருக்கிறேன். வேடிக்கை பார்ப்பது மேல்மிச்சம், போராட்டத்துக்கு உரியது அல்ல என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஆனால் நமக்கு முன்னால் போராடியவர்கள் அப்படி நினைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். சாதியைச் சொல்லி எவரையும் எந்தெந்த இடத்தில் தடுக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், அதோடு சேர்த்து பொதுக் கேளிக்கை இடங்கள். கிணறும் குளமும் பாதையும் அடுத்த வரியில் வருகின்றன. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் கேளிக்கை இடத்தை விட்டுவிடவில்லை. கூத்தும் ஆட்டமும் பார்க்க விடாமல் தடுத்ததும் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்ததும் ஒரே கைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரியாமல் எப்படி இருக்கும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைக்காரர்கள் அச்சடித்த நோட்டீஸ்களில் பஞ்சமருக்கு இடமில்லை என்று போட்டிருந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். காசு கொடுத்தாலும் இடமில்லை. கவனிக்க வேண்டியது, கூத்து கட்டியவர்களும் மத்தளம் அடித்தவர்களும் பறை அடித்தவர்களும் யார் என்பது. எங்க ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவள். ஊர்த் தெருவில் தெருக்கூத்து நடந்தால் சேரிச் சனம் எங்கே நின்று பார்க்கும் என்று அவளைக் கேட்டேன். "வெளக்கு வெளிச்சம் வுழாத எடத்துல" என்றாள். விளக்குக்குள்ளே அடித்துக்கொண்டிருந்தது அவளுடைய அண்ணன்.

இந்தத் தேசத்தில் நேரடிக் கேளிக்கையைப் பல நூறு வருஷம் இலவசமாகக் கொடுத்தவர்கள் நாம்தான். திருவிழாவுக்கு, சாவுக்கு, ஊர் சாட்டுவதற்கு. எவன் டிக்கெட் வாங்கினான்? படி நெல்லும் மிஞ்சின சோறும்தான் வசூல். அந்தக் கலைக்கு விலை வைக்கிற காலம் வந்தபோது அரங்கத்தின் கதவு வேறு பக்கம் திறந்தது. 1928இல் மியூசிக் அகாடமி வந்தது, சபாக்கள் வந்தன, சீசன் டிக்கெட் வந்தது. பறை உள்ளே போகவில்லை, பறையடித்தவனும் போகவில்லை. 2007இல் சென்னை சங்கமம் என்று பூங்காக்களிலும் தெருக்களிலும் டிக்கெட் இல்லாமல் நிகழ்ச்சி நடந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் முதல்முறையாக ஒரு பறையாட்டத்தை உட்கார்ந்து பார்த்தோம். அதுவரை நின்றோ ஆடியோதான் பழக்கம். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் மார்கழியில் மக்களிசை தொடங்கியதையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே நான் எழுத வந்தது டிக்கெட் பற்றி.

நாடகக் கொட்டகை அடைத்த கதவை சினிமாக் கொட்டகை திறந்தது என்று சொல்வார்கள். 1905இல் திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வந்த தன் சிறு நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு, என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது. இப்போது யோசித்தால் பாதி சந்தோஷம்தான். காசு கொடுத்தால் இடம் என்பது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. நோட்டீஸில் இருந்த அந்த வரியை அழித்தது அந்தக் காசுதான். ஆனால் காசு யார் கையில் இருந்தது?

டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று மூன்று. தரை என்றால் தரைதான், மணல். பின்னால் இருக்கிறவன் மறைக்கிறது என்று கத்துகிற அளவுக்கு மணலைக் குவித்து, அதன்மேல் துண்டு போட்டு உட்கார்வோம். பெண்கள் பக்கம் ஒரு தடுப்பு. வெற்றிலைச் சாறு, பீடித் துண்டு, குழந்தையின் மூத்திரம், எல்லாம் அந்த மணலில்தான். சேரில் உட்கார்ந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள், மணலில் உட்கார்ந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் அந்தத் தரை நமக்கு வேண்டியிருந்தது. திரைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது நாம்தான். விசிலும் காசு வீச்சும் நம் பக்கத்திலிருந்து கிளம்பியதுதான். ஒரு நடிகர் முதலமைச்சர் ஆக முடியுமா முடியாதா என்பதை அந்த மணல்தான் தீர்மானித்தது என்று சொன்னால் மிகை இல்லை.

தரை டிக்கெட்டின் அருமை அரசாங்கத்துக்கும் தெரியும். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட் விலையை முதலாளி இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரசு நிர்ணயிக்கும். 2009இல் போட்ட ஆணைப்படி சென்னை மாதிரியான மாநகரத்து மல்டிபிளெக்ஸ்களில் மேல்விலை 120 ரூபாய், கீழ்விலை 10 ரூபாய். குளிர்சாதன அரங்கத்தில் பத்து ரூபாய்! 2017இல் மேல்விலை 150 ஆனது. அந்தப் பத்து ரூபாய் வரிசை திரைக்கு முட்டிக்கொண்டு இருந்தது, கழுத்து வலித்தது. நெட்டில் கிடைக்கவில்லை, கவுண்டருக்குப் போனால் "தீந்துபோச்சு" என்று சொல்லவும் செய்தார்கள். ஒரே ஒரு தடவை எனக்குக் கிடைத்தது. அந்தப் பெரிய கட்டடத்தின் கண்ணாடிக் கதவை என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளித் திறந்தது நினைவில் இருக்கிறது, படம் நினைவில் இல்லை.

சினிமாக் கொட்டகைக்குப் போட்ட ஆணையைக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஏன் போடவில்லை? என் கேள்வி இவ்வளவுதான். கொட்டகை தனியார் நிலம், தனியார் முதல். சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு நிலத்தில்.

அந்த நிலத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை வளாகம் அது. 1855இல் நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி அரசு பட்டத்தை ஒழித்தது, சொத்தும் கைமாறியது. 1846இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860களில் அங்கே குடியேறியது. இந்தியர்கள் ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் விடமாட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். வெள்ளையரும் இந்தியரும் மோதுகிற ஆட்டம் 1915இல் தொடங்கி, பொங்கல் ஆட்டம் ஆகி, வருஷா வருஷம் நடந்தது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட், அதே வருஷம் நவம்பரில் முதல் ரஞ்சி ஆட்டம்.

மரத்தடியில் உட்காரவைக்கப்பட்ட கதையை எல்லாக் கிரிக்கெட் புத்தகமும் எழுதியிருக்கிறது. நல்லது, எழுத வேண்டியதுதான். அந்த மரத்தடிக்கும் வரமுடியாமல் புல் வெட்டிக்கொண்டும் ரோலர் இழுத்துக்கொண்டும் இருந்தவன் கதையைச் சென்னையில் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. மராட்டியத்தில் எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே அப்படிப்பட்ட ஒருவர் மைதானத்தின் நடுவுக்கே வந்துவிட்டார். பல்வாங்கர் பாலு. சமார் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்க மாதம் நாலு ரூபாய்க்கு வேலை பார்த்து, அங்கே வெள்ளைக்கார மட்டையாளர்களுக்குப் பந்து போட்டே தேறியவர். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, வேறு வழியில்லை, அவர் இல்லாமல் வெள்ளையரை ஜெயிக்க முடியாது. ஆனால் டீ இடைவேளையில் எல்லோரும் பெவிலியனில் பீங்கான் கோப்பையில் குடிக்க, இவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்துவிட்டு வந்தார். அப்படியும் இந்து அணிக்கு அவரைத் தலைவர் ஆக்கவில்லை. தம்பி விட்டல் 1923இல்தான் ஆனார். வெள்ளையன் பெவிலியனுக்கு வெளியே இந்தியன், இந்தியன் பெவிலியனுக்கு வெளியே பாலு. மைதானத்தின் வரலாற்றை இப்படித்தான் அடுக்கடுக்காகப் படிக்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு பெவிலியனில் ஆள் மாறியது. டிக்கெட் யாருக்கு என்பதில் சண்டையும் அவர்களுக்குள்தான். பம்பாயில் பிராபோர்ன் மைதானம் வைத்திருந்த கிளப்புக்கும் பம்பாய் கிரிக்கெட் சங்கத்துக்கும் டிக்கெட் பங்கு பிரிப்பதில் தகராறு முற்றி, கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு மைதானம் கட்டினார்கள், அதுதான் 1975இல் முதல் டெஸ்ட் நடந்த வான்கடே. பங்கு கேட்கச் சங்கம் இல்லாதவர்கள் கதை வேறு. 1969 டிசம்பரில் கல்கத்தா ஈடன் தோட்டத்துக்கு வெளியே தினசரி டிக்கெட்டுக்காக ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர் நெரிசலில் செத்தார்கள்.

சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காக ஐ, ஜே, கே என்று மூன்று புதிய கேலரிகள் கட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்துக்கும் அதற்கும் போதிய இடைவெளி விடவில்லை, முறையான அனுமதி இல்லை என்று அவற்றுக்குச் சீல் வைத்தார்கள். சுமார் 12,000 இருக்கைகள். ஒன்றிரண்டு ஆட்டம் தவிர ஏழெட்டு வருஷம் காலியாகவே கிடந்தன. டி.வி.யில் பார்க்கும்போது காலி நாற்காலிகள் மஞ்சள் வெயிலில் பளபளக்கும். குடிசை என்றால் அனுமதி இல்லாத கட்டடத்தை ஒரே காலையில் இடித்துவிடுவார்கள் என்பது கால்வாய்க் கரையில் இருந்த எனக்குத் தெரியும். கேலரிக்குப் பேச்சுவார்த்தை உண்டு. கடைசியில் பக்கத்துக் கட்டடத்தை இடித்து கேலரியைக் காப்பாற்றினார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்டுக்கு ஒரு நாள் டிக்கெட் 100, 150, 200 ரூபாய். 2024 செப்டம்பரில் வங்கதேசத்தோடு நடந்த டெஸ்டுக்குக் குறைந்தபட்ச டிக்கெட்டே 1,000 ரூபாய். மூன்றரை வருஷத்தில் பத்து மடங்கு. 2024, 2025 ஐ.பி.எல். ஆட்டங்களுக்குக் குறைந்தது 1,700, மேலே 7,500. டிக்கெட் வைத்திருப்பவருக்கு மைதானத்துக்குப் போகும் மாநகரப் பேருந்து இலவசம். 1,700 ரூபாய் கொடுக்க முடிந்தவனுக்கு பஸ் சும்மா, இதில் இருக்கிற கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை.

மத்திய அரசின் வரிக் கணக்கிலேயே ஒரு கோடு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிக்கு டிக்கெட் 500 ரூபாய்க்குள் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது, மேலே போனால் 18 சதவீதம். சாதாரண ஆள் வாங்கக்கூடியது ஐந்நூறு வரை என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிற மாதிரிதான் அது. ஐ.பி.எல். இந்தக் கணக்கில் சேராது. 28 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பரில் 40 ஆக்கி, சூதாட்ட விடுதியோடும் குதிரைப் பந்தயத்தோடும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். பணக்காரன் பொழுதுபோக்குக்கு வரி போட்டால் நமக்கென்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது பணக்காரன் பொழுதுபோக்கு ஆனது எப்போது, யார் ஆக்கியது என்பதுதானே கேள்வி.

சங்கங்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். டிக்கெட் வருமானத்தில்தான் மாவட்டக் கிரிக்கெட் நடக்கிறது, மைதானம் பராமரிக்க வேண்டும், தேவை இருக்கிறது, விலை ஏறுகிறது. சரி. ஆனால் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தக் கடலில், ஒரு மைதானத்தின் நாலு வரிசை நாற்காலியை நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் எவ்வளவு குறைந்துவிடும்? இன்னொன்று, டி.வி.யில் காட்டுகிற கூச்சல்தான் அவர்கள் விற்கிற சரக்கு. ஆள் இல்லாத மைதானத்தை எவன் பார்ப்பான்? நிலமும் குத்தகை நிலம். 2015இல் குத்தகை முடிந்து, வாடகை எவ்வளவு என்று இழுபறி நடந்து, அப்புறம் புதுப்பித்தார்கள். புதுப்பிக்கும்போது அரசு ஒரு வரி சேர்த்திருக்கலாம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இத்தனை இருக்கை இத்தனை ரூபாய்க்கு இந்தப் பகுதி மக்களுக்கு என்று. யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இது நடக்காத காரியம் அல்ல. 2010 உலகக் கோப்பைக் கால்பந்து தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, நாலாம் வகுப்பு டிக்கெட் என்று ஒன்றை அந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். விலை 140 ராண்ட். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்ததில் சிறு பங்கு. அதோடு மைதானங்களைக் கட்டிய தொழிலாளிகளுக்கு டிக்கெட் இலவசம். இதைப் படித்த அன்றைக்கு எங்க நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேலரி கட்டினவனுக்கு இரண்டு டிக்கெட்!

ஆனால் அங்கேயும் ஒரு பாடம் நடந்தது. டிக்கெட்டை முதலில் நெட்டிலும் வங்கி விண்ணப்பத்திலும் விற்றார்கள். சொவேட்டோக்காரனிடம் கம்ப்யூட்டரும் கிரெடிட் கார்டும் எங்கே? கறுப்பின மக்களின் ஆட்டம் கால்பந்து, ஆனால் டிக்கெட் அவர்கள் கைக்குப் போகவில்லை. ஆட்டம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, 2010 ஏப்ரலில், வேறு வழியில்லாமல் கவுண்டர் திறந்தார்கள். முந்தின ராத்திரியே வரிசை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கேப்டவுனில் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்து இறந்தார். விலையைக் குறைத்தால் மட்டும் போதாது, விற்கிற வழியும் நம் வழியாக இருக்க வேண்டும். சேப்பாக்கத்தில் 2023இல்கூட கவுண்டரில் விற்றார்கள், ஜனம் ராத்திரி நடைபாதையில் படுத்துக் கிடந்தது. 2024இல் ஐ.பி.எல். டிக்கெட் முழுக்க நெட்டுக்குப் போனது. நடைபாதை சுத்தமாகிவிட்டது. சில நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது, பிறகு அதே டிக்கெட் மூன்று மடங்கு நாலு மடங்கு விலைக்கு யார் யார் கையிலிருந்தோ வருகிறது.

பிரேசிலில் நம் தரை டிக்கெட்டுக்கு ஒரு அண்ணன் இருந்தது. ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் 'ஜெரால்' என்று ஒரு பகுதி. புல்தரையை ஒட்டிப் பள்ளத்தில், நாற்காலி இல்லாமல், நின்றுகொண்டே பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களின் கால்தான் சரியாகத் தெரியும். மிகக் குறைந்த விலை. வேஷம் போட்டுக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் ஏழைகள் அங்கே நின்றார்கள், அவர்களுக்கென்று தனிப் பெயரே இருந்தது. 2005இல் அதை மூடி நாற்காலி போட்டார்கள். பாதுகாப்பு, சௌகரியம் என்று காரணம். நாற்காலி வந்ததும் விலை வந்தது. 2014 உலகக் கோப்பைக்கு அங்கே உள்ளூர்க்காரருக்கு மலிவு டிக்கெட்டும், மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் அரசு உதவித்தொகை வாங்கும் ஏழைகளுக்கும் அதில் பாதி விலையும் சட்டம் போட்டு வாங்கினார்கள். ஒரு மாதக் கொண்டாட்டத்துக்கு அது. பள்ளம் திரும்பி வரவில்லை. இங்கிலாந்தில் 2016 பிப்ரவரியில் லிவர்பூல் அணி 77 பவுன் டிக்கெட் என்று அறிவித்ததும், ரசிகர்கள் ஆட்டத்தின் 77ஆம் நிமிஷத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். எழுந்து வெளியே போவதற்கு முதலில் உள்ளே இருக்க வேண்டும், நம் சங்கடம் அதுதான்.

உள்ளூர் மக்களுக்கு என்று ஒரு பங்கு கேட்கலாம் என்று இரண்டு வருஷமாக நண்பர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், கால்வாய்க் கரை. மைதானத்து விளக்கும் டிராபிக்கும் போலீஸ் தடுப்பும் யார் தலையில் விடிகிறதோ அவர்களுக்கு. ரேஷன் கார்டைக் காட்டி கவுண்டரில் வாங்குகிற மாதிரி. பேசும்போது ஒரு தோழர், வக்கீல், கேட்டார்: "ரேஷன் கார்டுல எந்த அட்ரஸ் இருக்கு உங்க ஜனத்துக்கு?"

வாயடைத்துப் போனேன். கால்வாய் மேலே பறக்கும் ரயில் வந்தது, சேப்பாக்கம் ஸ்டேஷன் 1995இல் திறந்தது. கரையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஆட்களை லாரியில் ஏற்றினார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் கண்ணகி நகரில். பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, துரைப்பாக்கம் பக்கம். நைனா கேலரி கட்டிய மைதானத்துக்கு நாங்கள் இப்போது வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ப் பங்கு வந்தாலும், அந்தத் தெருக்களில் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்களுக்குத்தான் போகும். அதனால் கோரிக்கையை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது, இன்றைய முகவரி மட்டும் போதாது, அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்குப் பழைய முகவரியும் செல்லும் என்று. வக்கீல் தோழர் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார்.

கண்ணகி நகரை ஒன்றும் இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் துணைத் தலைவி கார்த்திகா அந்த ஊர்ப் பிள்ளை. திரும்பி வந்தபோது ஊரே திரண்டு பறையோடு வரவேற்றது. அவள் பயிற்சி எடுத்த இடத்தில் கேலரி கிடையாது. சுற்றி நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அங்கேதான் என் தங்கச்சி மகன் இருக்கிறான். இருபத்திரண்டு வயது, தோனி பைத்தியம். 2025 ஏப்ரலில் போன் செய்தான். "மாமா, எப்படியாவது ஒரு டிக்கெட் பாரு மாமா, அந்தாளு அடுத்த வருஷம் ஆடுவானோ மாட்டானோ." நான் யாரைப் பார்க்க? போனில் மூன்று பேர் ஒரே நேரத்தில் முயற்சி செய்தோம். வரிசை எண் லட்சத்தில் வந்தது. அவனுடைய தினக்கூலி 600 ரூபாய், கையில் 1,700 சேர்த்து வைத்திருந்தான். வெளியே ஆறாயிரம் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான். மேட்ச் அன்றைக்குக் குப்பை எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் கண்ணகி நகரில் ஆள் எடுத்தாராம். ஒரு ராத்திரிக்கு 500. போய்விட்டு வந்திருக்கிறான். போகவர பஸ் காசு அவனுடையது, டிக்கெட் இருப்பவர்களுக்குத்தான் இலவசம். பச்சை கோட்டு கொடுத்து, படிக்கட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்து நிற்கக்கூடாது, முதுகைக் காட்டி நில், கப்பு விழுந்தால் எடு.

"தோனி ஆடினாரா?" என்று கேட்டேன்.

"ஆடினாரு மாமா. எல்லாரும் எழுந்து நின்னு செல்போன் வெளக்க அடிச்சாங்க. நான் அவங்க மூஞ்சியதான் பாத்தேன். மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுது மாமா, சிக்ஸுன்னு."